கேட்டுச் சாயம்

மகளின் டீச்சர் விளையாட்டுக்குக் கரும்பலகை செய்து கொடுக்கலாம் என்று இன்று கறுப்புச் சாய டின்னைத் திறந்தேன். அந்த வாடை, மாசாய் என்ற ஊரில் என் சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த, இப்போது இடித்துத் தள்ளிவிட்ட அடுக்குமாடியின் படிக்கட்டுக்கே என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

படிக்கட்டுத் திருப்பத்தில்தான் என் பள்ளிக்கூடம் நடந்தது. கீழே மோட்டார்சைக்கிள்கள் உறுமிக்கொண்டே இருக்கும், யார் வீட்டிலோ நெத்திலி பொரியும், என் மாணவர்களான இரண்டு பொம்மைகளும் ஒரு தலையணையும் சுவரில் சாய்ந்திருக்கும். அப்பா தொழிற்சாலையில் வேண்டாமென்று போட்ட பெட்டிப் பலகையை மோட்டாரில் கட்டிக்கொண்டு வந்து, சிலாம்பு போகத் தேய்த்து, வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய கறுப்புச் சாயத்தை அதற்கு அடித்துக் கொடுத்தார். முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. அந்தப் பளபளப்பில்தான் வெண்கட்டி ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"அலமாக், இது கேட்டுச் சாயம்லா" என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

எனக்கு அழுகை முட்டியது. வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவர் தலையணைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நீங்க எழுதுங்க டீச்சர், எனக்குத் தெரியும்."

எழுதினேன். வெறும் கறுப்பைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அம்...மா" என்று எழுத்துக்கூட்டி வாசித்தார்.

நான் எழுதியிருந்தது 'அப்பா'. அதை அவரிடம் சொல்லவில்லை. பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டேன். அதுவும் தெரியவில்லை.