இமயமலையிலிருந்து வந்த களை

தோட்ட வேலையில் செடி வளர்ப்பது சுலபம். அது என்ன செடி என்று கேட்கிறவர்களைச் சமாளிப்பதுதான் உத்தியோகம். ஆபீஸ் வாசலில் நாலு தொட்டி வைத்துவிட்டு அவதிப்படும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

எந்த வழியாக வந்தது?

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக்கு நான் தோட்ட சூப்பர்வைசர். வாசலில் புல்தரை போட ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஏரி மண்ணைக் கொண்டுவந்து கொட்டினோம். போட்ட புல் கருகியது. போடாத ஒன்று முளைத்தது: சாம்பல் பச்சையில், பூனைமுடி மாதிரி மெல்லிய ரோமத்தோடு, ஏறி உட்காரலாம் போல வட்ட மெத்தையாக.

புல் செத்ததை மேனேஜர் கவனிக்கவில்லை. இதைக் கவனித்தார். இங்கே ஒரு ஆணி வந்தாலும் பதிவு உண்டு, இதற்கு இல்லை. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி முனுசாமியைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் நிஜமாகவே பயந்துபோனார்.

"என் டூட்டில இது உள்ள வர்ல சார், மத்தவனைக் கேளுங்க."

குளிர்ப் பிரதேசம்

மேனேஜர் தன் செல்போன் ஆப்பில் மூன்று படம் எடுத்தார். முதல் படத்துக்குக் கடற்கரைச் செடி என்றது. இரண்டாவதுக்குக் கீரை. மூன்றாவதுக்கு, பனிமலை உச்சியில் குளிர் தாங்கக் குவிந்து வளரும் அபூர்வச் செடி. மூன்றில் தன் அந்தஸ்துக்குப் பொருந்தியதை எடுத்துக்கொண்டு, சுற்றிலும் கயிறு கட்டச் சொன்னார்.

"இங்க தார் ரோடே உருகுது சார், பனிமலைச் செடி எப்படி?" என்றேன்.

"ஏன், என் ஏசி ரூமுக்குப் பக்கத்துலதானே இருக்கு?"

பாதி மெத்தை

களை எடுக்கும் செல்வி லீவு முடிந்து வந்தாள். கயிற்றைத் தாண்டி, மெத்தையில் பாதியைக் கொத்திக் கூடையில் போட்டுவிட்டாள். கண்ணாடி வழியே பார்த்த மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து அவள் வரக் கூடாது என்றார்.

புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களைப் படிக்கவைப்பவள். மேனேஜர் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. என் சர்வீசிலேயே நான் செய்த ஒரே வீரம் அதுதான். "அபூர்வச் செடியாம்மா, சார்கிட்ட ஒரு சாரி சொல்லிடு," என்று மட்டும் கெஞ்சினேன். அவள் கூடையைக்கூட இறக்கவில்லை.

"களை எடுக்கத்தான சார் என்னை வச்சிக்கினு இருக்கீங்க? களையத்தான எடுத்தேன்?"

பெயர்சூட்டு விழா

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டர் அம்மா வந்தார். மிச்சப் பாதியைக் காட்டி மேனேஜர் இமயமலைப் புராணம் பாடினார். பின்னால் செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?" என்றார் டைரக்டர்.

"எங்கூரு ஏரி வத்துனா இதான் மேடம் பாய் போட்டாப்ல கெடக்கும்."

"பேர் என்ன?"

செல்வி மேனேஜரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மிகுந்த மரியாதையோடு சொன்னாள்: "செருப்படி, மேடம்."

ஏரிக்கரையில் எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான். டைரக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இந்தத் தோட்டத்துக்கு இந்தப் பொண்ணு போதும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அப்புறம் செல்வியை நிறுத்துகிற பேச்சே எழவில்லை. சாயங்காலம் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தச் செடிக்கு வைக்கிற போர்டுல இங்கிலீஷ் பேர் மட்டும் போடுங்க."

செடிக்குப் பெயர் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை ஐயா, அதை மேலிடத்தின் முகத்துக்கு நேரே சொல்ல ஓர் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.