ஊதா நாக்கு

இப்போதென்றால் செடியை ஃபோனில் படம் பிடித்தால் அதுவே பெயரைச் சொல்லிவிடுகிறது. நான் சாகவிருந்த அன்று அந்த வசதி இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் சாயப்பட்டறை. சுவர்மேல் தானாக ஏறியிருந்த ஒரு கொடியில் கறுப்புக் கறுப்பாகப் பழம். ஒரு கைப்பிடி தின்று முடித்த பிறகுதான் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப்பார்த்தாள்.

“அத்தயா துன்ன? விஷம்டா அது. மொதல்ல நாக்கு ஊதாவாவும், அப்பறம் மூச்சு நின்னுடும்.”

கண்ணாடியில் பார்த்தேன். நாக்கு ஊதா. மூச்சு இன்னும் இருந்தது; சிக்கனமாக விட ஆரம்பித்தேன். ஆலகாலம் குடித்த சிவனுக்குக் கழுத்தைப் பிடிக்க அம்மன் இருந்தாள். எனக்கு அம்மா இருந்தாள். அவள் பிடித்தது காதை.

“வாயத் தொறடா.”

திறந்தேன். அம்மா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தறிப்பக்கம் திரும்பி, “ஏங்க, புள்ள சாயத்தத் துன்னுட்டுக்கீது,” என்றாள்.

அறுந்த ஓர் இழைக்கு வீட்டையே இரண்டாக்குகிறவர் அப்பா. தறியில் நெய்துகொண்டிருந்த சந்தனநிறப் பட்டுப் பாவிலிருந்து ஒரு கொத்து இழையை அறுத்துக்கொண்டு வந்து, என் நாக்கில் தேய்த்து, சொம்புத் தண்ணீரில் அலசினார். சாயத்தைப் பட்டு லேசில் விடாது. ஊதா கழன்று, நூல் பழைய சந்தனநிறத்துக்கே வந்தது.

“சாயம் இல்ல. நிக்கல.”

அம்மாவுக்குப் போன உயிர் வந்தது. எனக்குத்தான் உயிர் போயிற்று. சாயமென்றாலாவது சித்தப்பாவுக்கு மாற்று மருந்து தெரிந்திருக்கும்.

“கொடிப் பழம்பா,” என்று அழுதேன். “நான் செத்துட்டா எம் பம்பரத்த யாருக்கும் குடுக்காதீங்க.”

மூவரும் பின்சுவருக்கு ஓடினோம். அம்மா ஓர் இலையைக் கிள்ளி நசுக்கினாள். விரலில் கொழகொழவென்று ஒட்டியது.

“கொடிப்பசலடா இது. நேத்து இந்தக் கீரையத்தான் கடஞ்சி போட்டேன். தட்டுக்கடியில ஒளிச்சி வெச்சியே.”

பக்கத்துச் சுவருக்கு மேல் தெரிந்த அக்காவின் தலை மறைந்தது.

சாயங்காலம் வரை அப்பா அறுத்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. அவர் தலைக்கு நேராக, கைக்கெட்டும் ஆணியில், கழிவு நூல் கற்றை கற்றையாகத் தொங்கியது. அதை விட்டுவிட்டுத் தறிப் பாவைப் போய் அறுத்திருக்கிறார்.

சாப்பிடும்போது அம்மாவின் காதில் சொன்னேன்: “அப்பாவுக்குக் கண்ணு தெரியலமா. கண்ணாடி போடணும்.”

அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி கீரையைப் போட்டாள்.