அத்தானின் பிக்கப்பும் ஒரு பித்தளை வேலும்

இன்று சுவிஸில், டீட்டிகோனில் அக்கா வீட்டு வாசலில் சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு வயிறு நோகிறது.

அத்தான் தன் பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி வைக்கிற, உள்ளே படுத்துறங்கக்கூடிய கேம்பர் கூடு ஒன்று வாங்கியிருக்கிறார். அதன் கட்டில் பகுதி முன்னுக்கு நீண்டு, ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள கூரையையும் மூடிக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச இடைவெளியாவது வேண்டும்.

அந்தக் கூரையில்தான் தேர்த் திருவிழாவுக்கென்று ஒரு முழ நீளப் பித்தளை வேல் ஒன்றை நிமிர்த்திப் பூட்டி வைத்திருந்தார்.

நான்கு கால்களில் உயரமாக நின்ற கூட்டுக்குக் கீழே பிக்கப்பைப் பின்னால் விட்டார்.

"அத்தான், மேலை ஒருக்கால் பாருங்கோ..." என்று தொடங்கினேன்.

"நல்ல நேரம் முடியப்போகுது. ஆலாத்தித் தட்டைப் பிடிச்சுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நில்!" என்றார், சொந்தக்காரர் எல்லோருக்கும் முன்னால்.

நின்றேன்.

கால்களின் கைபிடிகளைச் சுற்றிச் சுற்றிக் கூட்டை இறக்கினார். வேல் மெதுவாகப் பலகையைத் துளைத்து, மெத்தையைக் கிழித்து, அவர் தலை வைக்க இருந்த இடத்தில் எழுந்தது. கூட்டின் யன்னலால் உள்ளே எட்டிப் பார்த்த அக்கா "முருகா!" என்று கத்தினாள்.

"பாத்துக்கொண்டுதானே நிண்டனீ, ஏன் சொல்லேல்லை?" என்று அத்தான் என்மேல் பாய்ந்தார்.

"நீங்கள்தானே அத்தான் வாயை மூடச் சொன்னனீங்கள்?"

பின்னேரம் வேலைக் கழற்றிவிட்டார். நாளைக்குக் கூட்டோடு நிலக்கீழ் கராஜுக்குள் விடப்போகிறாராம். அந்த வாசலின் உயரம் எனக்கு நன்றாகவே தெரியும்.

வாயைத் திறக்கலாமென்று இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நாளைக்குப் பார்க்க வருகிறவர்கள் கீழே கருத்தில் எழுதுங்கள். தேநீர் நான் ஊற்றுகிறேன்.