கேட்லாக் அட்டைக் கண்ணாடி

என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில், நாட்குறிப்புகளுக்குப் பக்கத்தில், ஒரு காகிதக் கண்ணாடி இருக்கிறது. நூலகத்தின் பழைய கேட்லாக் அட்டைகளைச் சுருட்டி ஒட்டிய இரண்டு குழல்கள். நீளம் மூன்றரை அங்குலம், வாய் அரை அங்குலம். காதில் மாட்டச் சணல் கயிறு. செய்தவர், தாம்பரத்துக் கிளை நூலகத்தில் நான் உதவியாளனாக இருந்தபோது எனக்கு மேலிருந்த நூலகர்.

எழுபதுகளின் தொடக்கம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் வாசிப்பறையில் ‘ஒளியும் கண்ணும்’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்துவார். பால்பவுடர் டப்பாவில் ஊசித் துளையிட்டுத் தெருவைத் தலைகீழாகக் காட்டுவார். மேற்குச் சன்னலோரம் தரையில் வைத்த தண்ணீர்ப் பேசினில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் சுவரில் ஏழு நிறமும் விழும். பிறகு பார்வைக் குறைவு எப்படி இருக்கும் என்று காட்டுவார். எண்ணெய் தடவிய தாளில் செய்தது கண்புரைக் கண்ணாடி. குழல் வைத்தது, பக்கப் பார்வை போனவர்களுடையது. பெரியவர்களும் அதை மாட்டிக்கொண்டு நாற்காலியில் இடித்துச் சிரிப்பார்கள்.

ஒருமுறை நூலகரே குழல் கண்ணாடியை மாட்டி, தம் மேசையிலிருந்து வாசலுக்கு நடந்து காட்டினார். நேராக எட்டு அடி, நடு பெஞ்சின் முனையை இடது கை தொட்டது, திரும்பினார், வாசல். தினமும் கண்ணாடி இல்லாமல் எப்படி நடப்பாரோ அப்படியே. எதையும் எண்ணுவது என் வழக்கம். ஒரு அடி கூடவில்லை, குறையவில்லை. புத்தக முதுகின் பொடி எழுத்தைப் படித்துவிடும் அவர், பக்கத்தில் நின்று வணக்கம் சொல்பவரைப் பார்ப்பதில்லை. ஊரில் அதைத் திமிர் என்றார்கள். அந்தக் குழல்களுக்கு எங்கிருந்து அளவெடுத்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

என் முகத்தைப் பார்த்திருப்பார் போலும். பூட்டும்போது மெல்லச் சொன்னார்: “யார்கிட்டயும் வாய விட்டுடாதப்பா. ஆபீசுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். ரெண்டு பொண்ணுங்க படிக்கிறாங்க.”

அன்றிலிருந்து என் வேலை பயப்படுவதாயிற்று. யாராவது வாளியை வழியில் வைத்தால் ஓடிப்போய் எடுத்து ஓரம் வைப்பேன். அந்த நிலையில்தான், மாவட்ட அலுவலகத்து அதிகாரி நிகழ்ச்சியைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. இரண்டு இரவுகள் நான் சரியாகத் தூங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, நூலகர் மேசையில் குனிந்து பதிவேடு எழுதிக்கொண்டிருந்தபோது, பெஞ்சுகளை ஓசைப்படாமல் பக்கச் சுவரோரம் வரிசையாகப் போட்டேன். நடுவில் ஒன்றுமே இல்லாவிட்டால் எதில் இடிப்பார்? கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்றுவிட்டு எங்கள் வாசற்படியில் இளைப்பாறும் மீன்காரம்மா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாத்துக்கு நைனா பெஞ்ச ஓரங்கட்டின? சாரு அத்த தொட்டுகினுதான வெளிய வராரு?”

“வழி விட்டிருக்கேன். உனக்குப் புரியாது.”

“ஆமா, நீ படிச்சவன்” என்றார் அவர்.

கூட்டம் சேர்ந்தது. அதிகாரி வாசலில் வந்து நின்றார். நூலகர் எழுந்து சிரித்தபடி நடந்தார். எட்டு அடி. இடது கை காற்றைத் துழாவியது. ஒன்பது. பத்து. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். பதினோராம் அடி பேசினுக்குள் விழுந்தது. சுவரில் இருந்த ஏழு நிறமும் நடுங்கி உடைந்தன. அவர் முழங்கால் குத்தி ஈரத்தில் விழுந்தார்.

“என்ன சார், கண்ணாடி போடாமலே டெமான்ஸ்ட்ரேஷனா?” என்று அதிகாரி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். தூக்கிவிட அதிகாரி பக்கவாட்டில் கை நீட்டினார். நூலகர் அந்தக் கையைப் பார்க்கவில்லை, தரையைத் தடவிக்கொண்டிருந்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. அதிகாரி மேசைமேல் இருந்த குழல் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு நூலகரைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

அன்று எல்லோரும் போனபின், பெஞ்சுகளைப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டேன். மாட்டிக்கொள்வேனோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

கண் பரிசோதனைச் சான்றிதழ் கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டாம் மாதம் அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். மூத்த பெண் படிப்பை நிறுத்திவிட்டுப் பல்லாவரத்தில் ஒரு தோல் தொழிற்சாலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். “பெஞ்ச நீதான் நவுத்தினன்னு சாராண்ட சொல்லிட்டியா?” என்று மீன்காரம்மா சில நாள் கேட்டார். நாளைக்கு என்றேன். அப்புறம் கூடையை வேறு வாசலில் இறக்கத் தொடங்கினார்.

கடைசி நாள் சாவியைக் கொடுத்தபோது நூலகர் சொன்னார்: “எட்டு அடிப்பா. பத்து வருஷமா எட்டு அடிதான். அன்னிக்கு எப்படி எண்ணிக்கை தப்பிச்சுன்னே தெரியல. கண்ணு போறது தெரிஞ்ச கதை. புத்தியும் போகுதோன்னுதான் பயமா இருக்கு.”

“வயசாகுதுல்ல சார்” என்றேன். அவருக்கு அப்போது நாற்பத்து நான்கு. இன்று என் வயது எழுபத்திரண்டு.

அவர் விட்டுப்போன கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வருஷத்து நாட்குறிப்பைத் திறக்கிறேன். குழலுக்குள் ஒரு வரிதான் அடங்குகிறது. அப்போதே சீரான கையெழுத்து எனக்கு: ‘பிற்பகல் நிகழ்ச்சி. பெஞ்சுகள் ஒழுங்காகப் போடப்பட்டன.’ தலையை மெல்லத் தாழ்த்தி அடுத்த வரியைத் தேடுகிறேன். வெறும் தாள்தான் தெரிகிறது.