மலைக்கு ஓடி வந்த புரோகிராமர்

இன்று கள்ளக்குறிச்சியில் மதியக் காட்சி. சாஃப்ட்வேர் கம்பெனியில் நடக்கும் கொலைகளைப் பற்றிய திரில்லர் படம்.

வில்லனிடமிருந்து தப்பி, புரோகிராமர் கதாநாயகன் கல்வராயன் மலைக்கு ஓடி வருகிறான். குடிசையில் லேப்டாப்பைத் திறக்கிறான். மலைச் சனம் மொத்தமும் வேலையை விட்டுவிட்டு வந்து, வாயைப் பிளந்து அதையே பார்க்கிறது.

அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

முன்சீட்டுக்காரர் திரும்பினார். "இன்னாம்மா, எல்லாரும் பயந்துக்கினு பாக்கறாங்க, நீ சிரிக்கிற?"

"அந்த மலைதாங்க எங்க ஊரு. நானும் புரோகிராமர்தான். வூட்டுலருந்துதான் வேலை பாக்கறேன். ஒருத்தரும் எட்டிக்கூடப் பாத்ததில்ல."

"மலையில ஏதும்மா அந்த வேலையெல்லாம்?"

இடைவேளை வரை பொறுத்தேன். "டிக்கெட் எதுலங்க எடுத்தீங்க?"

போனில் ஆப்பைக் காட்டினார்.

"இதுல சீட்டத் தொட்டா பச்சையா மாறுதுல்ல, அத எழுதினது நான்தான். மலையில உக்காந்துக்கினுதான்."

போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓ, அதான் நேத்து ராத்திரி ரெண்டு தபா சுத்திக்கினே நின்னுச்சா?"

சுற்றியது உண்மைதான். அதற்குக் காரணம் மலை இல்லை. நேற்று வெள்ளிக்கிழமை, சாயங்காலத்தில் ஆப்பில் எதையும் மாற்ற வேண்டாமென்று நான் சொல்லியும், கேட்காமல் மாற்றிய சென்னை மேனேஜர்.

திங்கட்கிழமை மலையில் உட்கார்ந்துதான் அதைச் சரிசெய்யப் போகிறேன். படத்தின் இயக்குநர் விரும்பினால் வந்து, வாயைப் பிளந்து பார்க்கலாம்.