சிடியில தமிழுக்கு ஒரு இடம்

பர்மாவுல, தாமுவேல அந்த மாடி ரூமுக்குன்னு ஒரு வாசனை உண்டு... ஜெனரேட்டர் புகை, கீழ்க்கடை மொஹிங்கா மீன்குழம்பு நூடுல்ஸ், சூடா வெளிய வர்ற சிடி. இப்பவும் கண்ணை மூடினா வருது.

அங்க ஒரு இண்டர்நெட் கடைல நானும் கோ மினும் வேலை. அவர் பர்மாக்காரர், என்னைவிட கொஞ்சம் மூத்தவர், லினக்ஸ்னு இலவசமா கிடைக்கிற கம்ப்யூட்டர் சிஸ்டம் மேல பைத்தியம். கடை கம்ப்யூட்டர் எல்லாம் அரதப் பழசு, வைரஸ் வந்தா படுத்துடும். அதனால நாங்களே ஒரு லினக்ஸ் செய்யலாம்னு இறங்கினோம்.

முழுசா புதுசா இல்ல. உலகம் பூரா முகம் தெரியாத ஆளுங்க சேர்ந்து பார்த்துக்கிற அடிப்படை லினக்ஸ் ஒண்ணு இருக்கும். அதுல வேணாததைக் கழிச்சு, பர்மிய எழுத்தைச் சேர்த்து, ஒரே சிடில அடக்கணும். ஸ்கிரீன்ல நீலக் கோடு மெல்ல மெல்ல நகரும்... டீ குடிச்சுக்கிட்டே கனா கண்டுக்கிட்டு இருப்போம். பாதில கரண்ட் போனா மறுபடி முதல்லேர்ந்து. கரண்ட் வந்ததும் "மீ லா பி!"ன்னு தெருவே கத்தும், நாங்க ஓடிப்போய் உட்காருவோம்.

அந்த அடிப்படைலயே தமிழ் இருந்துச்சுங்க! எந்த ஊர்லயோ எவரோ உட்கார்ந்து மெனுவெல்லாம் தமிழாக்கி வச்சிருந்தாங்க. எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு.

அம்மாகிட்ட சொன்னேன். அம்மாவோட அக்கா அறுபதுகள்ல பர்மாவை விட்டுக் கப்பலேறி தஞ்சாவூர் பக்கம் போனவங்க. அவங்க பேரன்கிட்ட இமெயில் இருந்துச்சு. அம்மாவுக்கு எழுதத் தெரிஞ்சது தமிழ் மட்டும்தான்.

"நானே அடிக்கலாமாடா? நீ நடுவுல இல்லாம?"ன்னு கேட்டாங்க.

ஆனா சிடி கொள்ளல. கோ மின் யோசிச்சுட்டு, "செல்வம், தமிழை எடுத்துடலாமா? இங்க யாரு படிக்கப் போறா?"ன்னார். தப்பா சொல்லல. எனக்கே அப்ப எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும், "அம்மா..."ன்னேன். அம்மாவோட ஆசை அவருக்கும் தெரியும்.

மறுநாள் பார்த்தா தமிழ் இருக்கு. அவர் உசிரா விளையாடற பந்து கேமைக் காணோம். கேட்டா, "சலிச்சுப் போச்சு"ன்னார். பச்சைப் பொய்!

கீபோர்டுல தமிழ் எழுத்தை வெட்டி ஒட்டினதும் அவர்தான். படிக்கத் தெரியாதவர் ஒட்டினா எப்படி இருக்கும்? பாதி தலைகீழ். எங்க வீடு இருந்த மிங்கலா தாங்ஞுன்ட்லேர்ந்து பஸ் பிடிச்சு வந்த அம்மா வயிறு வலிக்கச் சிரிச்சாங்க. "இந்தப் புள்ள 'ழ'வைத் தொங்க விட்டுருச்சேடா!"

அப்புறம் ஒத்தை விரலால... "அக்கா, நல்லா இருக்கியா." அனுப்பிட்டு, "போயிடுச்சா? போயிடுச்சா?"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

இப்ப அம்மா இல்ல. கோ மின் சிங்கப்பூர்ல இருக்கார். என் மக போன்ல எல்லா பாஷையும் கேட்காமலே இருக்கு, தமிழும்தான். யாரும் எதையும் கழிக்க வேண்டியதில்ல.

போன வாரம் ஆசையா அதைத் தமிழுக்கு மாத்திக் குடுத்தேன். கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து, பர்மிய பாஷைல சொன்னா... "அப்பா, எனக்கு ஒண்ணுமே படிக்க வரல. பழையபடி மாத்திக் குடுங்க."

மாத்திக் குடுத்துட்டேன்.