கல்யாண நாளிலிருந்து அறுபது நாள்

நான் தனியாக வழக்கெடுக்கத் தொடங்கிய புதிது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். ஒருநாள் காலை, எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்றழைக்கும் கொட்டாஞ்சேனை வியாபாரி ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்தார். ஒருகொடவத்தையில் அவரும் மச்சானும் சேர்ந்து நடத்திய களஞ்சியம் யாருக்கு என்ற பிணக்கு, நீதிமன்றத்துக்கு வெளியே நடுத்தீர்ப்புக்குப் போய், மச்சானுக்கே என்று முடிந்திருந்தது. ஆனால் நடுத்தீர்ப்பாளர்கள், எவருமே கேட்காத, இவருக்கே சொந்தமான பக்கத்து வெற்று வளவையும் சேர்த்து மச்சானுக்குக் கொடுத்திருந்தார்கள்.

"கேக்காததைக் குடுக்க அவைக்கு அதிகாரமில்லை, நானா. கோர்ட்டுக்குப் போகலாம். தீர்ப்பு எப்ப உங்கட கைக்கு வந்தது?" என்று கேட்டேன்.

"மகள்ட கல்யாணத்தன்டைக்கி மிஸ். கூரியர்காரனையும் சாப்பிட வெச்சித்தான் அனுப்பினோம்."

கல்யாணத் திகதியைக் கேட்டுக் கலண்டரைப் பார்த்தேன். தீர்ப்பு கைக்குக் கிடைத்து அறுபது நாளுக்குள் மேல் நீதிமன்றத்தில் மனுப் போட்டாகவேண்டும். மறுபடி எண்ணினேன்.

"நானா, இண்டைக்குத்தான் கடைசி நாள்!"

"அப்ப நாளைக்கிக் காலைல வரட்டா?"

"இண்டைக்கு! கோர்ட் ரெஜிஸ்ட்ரி பூட்ட முதல்!"

சாப்பிடாமல் மனுவைத் தட்டச்சு செய்தேன். மனுவோடு வைக்கும் சத்தியக்கடதாசியை உறுதிப்படுத்தி ஒப்பமிட, அதற்கு அதிகாரமுள்ள உள்ளூர்ப் பெரியவர், ஒரு சமாதான நீதவான் வேண்டுமென்றதும் ஓடிய நானா, சலூன் கதிரையில் இருந்தவரை அப்படியே இழுத்து வந்தார். பாதி முகத்தில் சவர நுரை. அந்தக் கோலத்திலேயே அவர் கம்பீரமாகக் கையெழுத்திட, எனக்குச் சிரிப்பு பீறிட்டது.

ஓட்டோவில் ஏறினோம். கொழும்பின் பிரதான சாலையான காலி வீதி நெரிசலில் அசையவில்லை. நானா இறங்கி, நடுவீதியில் நின்று, சிங்களத்தில் கத்திக் கத்தி பஸ்களுக்கே வழிகாட்டினார். ஆச்சரியம், அவை விலகின! மனுக்கட்டைக் கட்டிப்பிடித்தபடி நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். ஓட்டோக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

புதுக்கடை நீதிமன்றத்தில் எழுதுவினைஞர் வீட்டுக்குப் போகப் பையைத் தோளில் மாட்டிவிட்டார். எங்கள் முகங்களைப் பார்த்தவர், பெருமூச்சோடு மறுபடி அமர்ந்து முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

வெளியே வந்ததும் நானா காவலாளியைக் கட்டிப்பிடித்தார். எனக்கோ சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

வழக்கு நீண்டது. கடைசியில் நீதிமன்றம் வளவு பற்றிய பகுதியை மட்டும் நீக்கியது. களஞ்சியம் போனதற்கு நானா கவலைப்படவேயில்லை.

"வளவு ஈக்கிதே மிஸ்! புதுசா ஒண்டக் கட்டுவோம்!"

நான்தான் அங்கேயே அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்.